ஊமைப்படத்துக்கு எழுதிய டேங்கோ

1923 அக்டோபர் 12 அன்று கோபன்ஹேகன் நகரின் பலாட்ஸ் திரையரங்கில் ஆக்செல் பீட்டர்சன், அர்னால்ட் பவுல்சன் என்ற இரண்டு பொறியாளர்கள் தாங்கள் உருவாக்கிய பேசும்படக் கருவியை ஊரறிய ஓட்டிக் காட்டினார்கள். படத்துக்கு ஒரு சுருள், ஒலிக்கு ஒரு சுருள். இரண்டும் இம்மி பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டும். அமெரிக்காவில் ‘தி ஜாஸ் சிங்கர்’ வருவதற்கு இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. செயல்விளக்கம் முடிந்ததும் பலாட்ஸ் ஊமைப்படத்துக்கே திரும்பியது. திரைக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கும் ஆர்க்கெஸ்ட்ராவும் தன் வேலையைத் தொடர்ந்தது.

அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் தலைவர் யாகோப் காதே. அப்போது அவருக்கு வயது 43. வயலின்காரர், நடத்துநர், ஊரில் எல்லோரும் முணுமுணுத்த சில பாட்டுகளுக்கு மெட்டமைத்தவர். இரண்டு ஆண்டுகள் கழித்து இதே அரங்கில் ஓடவிருந்த ஓர் அமெரிக்கப் படத்துக்காக அவர் ஒரு டேங்கோ எழுதினார். ‘ஜாலூசி’, அதாவது பொறாமை, என்று பெயர் வைத்தார். படம் மாறும்போது பின்னணி இசையும் மாறிவிடும் என்பதுதான் அந்தத் தொழிலின் வழக்கம். இந்த மெட்டு மட்டும் வழக்கத்தை மீறி உலகைச் சுற்றக் கிளம்பிவிட்டது.

காதேயைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘ஒரே மெட்டில் உலகப்புகழ்’ என்று தொடங்கி அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். அது பொய்யில்லை, ஆனால் போதாது. ஒலியைப் பிடித்துவைக்கும் கருவிகள் அவருடைய தொழிலை ஒழித்துக்கட்டின. அவருடைய மெட்டைக் காப்பாற்றிக் கொடுத்தவையும் அதே கருவிகள்தான். இவை இரண்டும் அநேகமாக ஒரே பத்தாண்டில் நடந்தன. காதேயின் வாழ்க்கையைப் படிக்கத் தகுந்ததாக ஆக்குவது இந்த முரண்தான் என்று நினைக்கிறேன்.

அவர் பிறந்தது 1879 நவம்பர் 29 அன்று, யூட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள வைலே நகரில். இசைக்காரர் குடும்பம். கல்யாணம், திருவிழா, நடனம் என்று ஊர் ஊராகப் போய் வாசித்துப் பிழைத்தவர்களின் வழி. சிறுவனாக டிரம்பெட் ஊதினார். பிறகு வயலினுக்கு மாறினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு டென்மார்க்கில் இப்படிப்பட்ட குடும்பங்கள் நிறைய இருந்தன. நாட்டின் ஆகப்பெரிய இசையமைப்பாளராகக் கருதப்படும் கார்ல் நீல்சனும் ஃபூன் தீவில் சுவருக்கு வர்ணமடித்துக்கொண்டே விழாக்களில் பிடில் வாசித்த ஒருவரின் மகன்தான். காதே பிறந்த அதே 1879இல், பதினான்கு வயது நீல்சன் ஓடன்ஸ நகரின் ராணுவப் பட்டாள இசைக்குழுவில் கொம்பூதச் சேர்ந்தார். ஏறக்குறைய ஒரே மண்ணிலிருந்து கிளம்பியவர்கள். ஆனால் நீல்சன் கோபன்ஹேகன் கன்சர்வேட்டரிக்குப் போனார். அங்கே நீல்ஸ் காதே என்ற புகழ்பெற்ற சிம்பொனி இசையமைப்பாளரின் நிழல் அவர்மேல் விழுந்தது. பெயர்தான் ஒன்று, அந்தக் காதேக்கும் நம் காதேக்கும் உறவு கிடையாது.

யாகோப் காதே பதின்பருவத்தில் தலைநகருக்கு வந்தார். அவருக்குக் கிடைத்த பள்ளிக்கூடம் உணவகங்களும் நாடகக் கொட்டகைகளும். முதல் ஆண்டுகள் வறுமையில் கழிந்தன. கோபன்ஹேகன் அப்போது பொழுதுபோக்குக்குப் பேர்போன நகரம். டிவோலி பூங்கா 1843இல் திறந்தபோதே அதற்கென ஓர் ஆர்க்கெஸ்ட்ராவும் ஹான்ஸ் கிறிஸ்டியன் லும்பி என்ற தலைவரும் இருந்தார்கள். வியன்னாவுக்கு ஸ்ட்ராஸ் போல டென்மார்க்குக்கு லும்பி. ஷாம்பெயின் புட்டியின் தக்கை தெறிக்கும் ஓசையையும், புதிதாக வந்த ரயிலின் பெருமூச்சையும் நடன இசையாக்கியவர். ஆகவே ‘லேசான இசை’ எழுதுவது டென்மார்க்கில் இழிவான காரியமாக இருந்ததில்லை. அதற்கொரு பரம்பரை இருந்தது, நல்ல வாத்தியக்காரர்கள் இருந்தார்கள், காசு கொடுத்துக் கேட்கும் கூட்டமும் இருந்தது.

காதேயின் முதல் வெற்றி ஒரு பாட்டு. 1900இல் வெளிவந்த ‘டேர் ஏர் சோல்லூஸ நேட்டர்’, கோடையில் வெளுப்பு மாறாத வடநாட்டு இரவுகளைப் பற்றியது. அதைப் பாடிப் பரப்பியவர் டாக்மர் ஹான்சன். மேடைப் பாடகி, அழகி. அவருடைய புகைப்பட அட்டைகள் அந்நாளில் கடைகளில் விற்றன. காதேயும் டாக்மரும் பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தார்கள். பாட்டு ஊரெங்கும் பரவியபோது காதேக்கு இருபதைத் தாண்டிய வயதுதான். அதற்குப் பின்னும் அவருடைய அன்றாடப் பிழைப்பு வயலினில்தான் இருந்தது. 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் கோபன்ஹேகனின் பிரிஸ்டல் ஹோட்டலில் அவர் இசைக்குழு நடத்தினார்.

ஹோட்டல் இசைக்குழுவின் தலைவர் என்றால் கையில் கோலோடு நிற்கும் கனவானைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அவர் முதல் வயலின்காரர். வில்லையே கோலாக அசைத்துக் குழுவை இழுத்துச் செல்வார். சாப்பிடுகிறவர்களின் பேச்சொலிக்கு மேலே கேட்கவும் வேண்டும், பேச்சைக் கெடுக்கவும் கூடாது. ஓபரா துணுக்கு, வால்ட்ஸ், ஹங்கேரிய சார்தாஷ், பாரிஸிலிருந்து நேற்று வந்த நடன மெட்டு என்று எதைக் கேட்டாலும் எடுத்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். முக்கியமாக, முதல் நாலு சுரத்தில் மேஜையில் இருப்பவர் நிமிர்ந்து பார்க்க வேண்டும். ‘ஜாலூசி’யின் தொடக்கத்தைக் கேட்டவர்களுக்கு இந்தப் பயிற்சி எங்கே போய் முடிந்தது என்பது தெரியும்.

1919இல் காதே கடல்கடந்து நியூயார்க் போனார். 1921 வரை அங்கிருந்து சினிமா ஆர்க்கெஸ்ட்ராவிலும் பின்னர் நியூயார்க் பில்ஹார்மானிக்கிலும் வயலின் வாசித்தார். உணவகத்திலிருந்து வந்தவருக்குப் பில்ஹார்மானிக்கில் ஒரு நாற்காலி கிடைத்தது சாதாரண விஷயமில்லை. அவருடைய விரலுக்கும் வில்லுக்கும் அது சான்று. இருந்தும் பெரிய குழுவில் பலரில் ஒருவராக அவர் நீடிக்கவில்லை. ஊர் திரும்பி பலாட்ஸ் திரையரங்கின் ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் தலைவரானார்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்று அது அடியோடு மறைந்துபோன தொழில். இருபதுகளில் ஐரோப்பாவின் பெரிய நகரம் எதிலும், நிலையான சம்பளத்துக்கு அதிக வாத்தியக்காரர்களை வைத்திருந்த இடங்களில் திரையரங்கு முன்வரிசையில் இருந்தது. சின்னக் கொட்டகையில் ஒரு பியானோ. நடுத்தர அரங்கில் நாலைந்து பேர். பலாட்ஸ் போன்ற மாளிகையில் 24 பேர். படம் வாராவாரம் மாறும். ஒவ்வொரு படத்துக்கும் ஒன்றரை, இரண்டு மணி நேர இசை வேண்டும். அதைப் புதிதாக எழுத நேரமுமில்லை, பணமுமில்லை. ஆகவே தலைவர் தன் அலமாரியிலிருந்து தொகுப்பார். கொள்ளைக்காரன் வந்தால் இது, காதலி மயங்கினால் அது, குதிரைப் பாய்ச்சலுக்கு ரோசினி, புயலுக்கு வாக்னர். பெர்லினில் ஜுசெப்பே பெச்சே என்பவர் உணர்ச்சிவாரியாகப் பிரித்து அச்சிட்ட ‘கினோதேக்’ தொகுதிகள் 1919 முதல் வந்துகொண்டிருந்தன. நியூயார்க்கில் எர்னோ ராப்பே 1924இல் வெளியிட்ட பெரும்புத்தகத்தின் பக்க ஓரங்களில் ‘போர்’, ‘சோகம்’, ‘விமானம்’ என்று தலைப்புகள் வரிசையாக இருந்தன. வாசிப்பவர் திரையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே தேவையான பக்கத்துக்குத் தாவலாம்.

ஒட்டுப்போடும் வேலைதான். ஆனால் நல்ல ஒட்டுக்காரருக்குத் தையல் தெரிய வேண்டும். ஒரு காட்சி எங்கே மூச்சுவிடுகிறது, எந்த இடத்தில் மௌனம் விட வேண்டும், ஒரு மெட்டை மறுபடி கொண்டுவந்தால் பார்வையாளர் எதை நினைத்துக்கொள்வார் என்பதெல்லாம் திரைக்கு முன்னால் ஆர்க்கெஸ்ட்ரா உட்காரும் குழிக்குள்தான் கற்றுக்கொள்ளப்பட்டது. பின்னாளில் ஹாலிவுட் பின்னணி இசையின் இலக்கணம் என்று நாம் அறிந்ததில் கணிசமான பகுதி இங்கே உருவானது. அலமாரியில் பொருத்தமானது இல்லாதபோது தலைவரே எழுதினார். ‘ஜாலூசி’ அப்படிப் பிறந்ததுதான்.

படம் ‘டான் க்யூ, ஸன் ஆஃப் ஸாரோ’. டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் சாட்டையைச் சுழற்றிக்கொண்டு வரும் சாகசப் படம். மேரி ஆஸ்டர் நாயகி. இயக்கியவர் டொனால்ட் கிரிஸ்ப். நாயகனின் போட்டியாளனான செபாஸ்டியனாக நடித்தவரும் அவரே. கதை நடப்பது ஸ்பெயினில். நாயகி மேல் கண்வைத்த செபாஸ்டியன் ஆத்திரத்தில் ஆஸ்திரிய இளவரசர் ஒருவரைக் குத்திக் கொன்றுவிட்டுப் பழியை நாயகன் தலையில் போடுகிறான். கோபன்ஹேகனில் இந்தப் படம் பலாட்ஸில் 1925 செப்டம்பர் 14 அன்று திரையேறியது. அன்றுதான் அந்த டேங்கோ முதன்முதலாக வாசிக்கப்பட்டது.

அது பிறந்ததைப் பற்றி வேறொரு கதையும் உலவுகிறது. வட ஷெலாந்தின் திபிர்க்க மேட்டுநிலத்தில் காதே கோடையைக் கழித்துக்கொண்டிருந்தபோது, பொறாமையால் நடந்த ஒரு கொலையைப் பற்றிச் செய்தித்தாளில் படித்தார். அது மனதைக் குடைந்தது. உட்கார்ந்து எழுதிவிட்டார் என்று சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அவர் முன்னால் இருந்த படத்தின் கதையே பொறாமையில்தான் திரும்புகிறது. செப்டம்பரில் ஸ்பானிய வாசனையோடு ஓர் உருப்படி தேவை என்பதும் கோடையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். பிரபலமான மெட்டுகளுக்கெல்லாம் பின்னாளில் ஒரு பிறப்புக்கதை சேர்ந்துகொள்கிறது. திரையரங்கின் தேவையைவிடக் கொலைச்செய்திக்குக் கவர்ச்சி அதிகம்.

மெட்டுக்குள் போவோம். தலைப்புக்குக் கீழே காதே இட்ட உபதலைப்பு ‘டேங்கோ ட்ஸிகான்’, ஜிப்ஸி டேங்கோ. தொடக்கத்தில் டேங்கோவே இல்லை. ஒற்றை வயலின் தாளக்கட்டில்லாமல் எழுந்து, சுழன்று, இறங்குகிறது. ஹங்கேரிய உணவகங்களில் ஜிப்ஸி வயலின்காரர்கள் மேஜையருகே வந்து நின்று இழுப்பார்களே, அந்த ஜாதி. அதற்குப் பிறகுதான் தாளம் விழுகிறது. முதல் பகுதி டி மைனரில்: துண்டு துண்டான, அமைதியில்லாத சொற்றொடர்கள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்று மேலே முட்டுகிறது. பிறகு இரண்டாம் பகுதி டி மேஜருக்குத் திறக்கிறது. இப்போது நீளமான, தாராளமான வரிகள். பொறாமை என்ற தலைப்பை மறந்துவிட்டுக் கேட்டாலும் இந்த மைனர்–மேஜர் திருப்பம் வேலை செய்யும். குமைச்சலிலிருந்து சரணாகதிக்குப் போவதை நாலு நிமிடத்தில் காட்டுவதற்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை.

இதில் அர்ஜென்டினா எவ்வளவு? மிகக் கொஞ்சம். புவெனஸ் அய்ரெஸில் ஹூலியோ டெ காரோ 1924இல்தான் தன் ஆறுபேர் குழுவைத் தொடங்கி டேங்கோவை நுட்பமான கேட்பிசையாக மாற்றிக்கொண்டிருந்தார். அங்கே குழுவின் உயிர்நாடி பாண்டோனியன் என்ற துருத்திக் கருவி. தாளம் தளர்ந்தும் பின்தங்கியும் திடீரென்று முந்தியும் போகும். ஐரோப்பாவுக்கு முதல் உலகப்போருக்கு முன்பே பாரிஸ் வழியாக வந்த டேங்கோவோ நடனக்கூடத்துக்கேற்ப விறைப்பான நடைக்கு மாறிவிட்டது. பாண்டோனியன் இடத்தை வயலின்கள் எடுத்துக்கொண்டன. 1921இல் ‘அபோகலிப்ஸின் நான்கு குதிரைவீரர்கள்’ படத்தில் ருடால்ஃப் வாலண்டினோ ஆடிய பிறகு டேங்கோவும் ஆபத்தான காதலும் சினிமாவில் ஒட்டிப்போயின. ஆக, ‘ஜாலூசி’யின் ஸ்பெயின் ஹாலிவுட்டில் கட்டிய ஸ்பெயின். அதன் டேங்கோ பாரிஸ் வழி வந்த டேங்கோ. அதன் ஜிப்ஸி உணவகத்து ஜிப்ஸி. மூன்றையும் சேர்த்தவர் யூட்லாந்துக்காரர். தூய்மைவாதிகள் இதை ஏளனம் செய்வதுண்டு. ஆனால் பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவேல் இதே ஜிப்ஸிப் பாணியில் தன் ‘ட்ஸிகான்’ எழுதியதும் 1924இல்தான். கச்சேரி மேடையில் அதே வேலையைச் செய்தால் அது கலை, சினிமாக் குழியில் செய்தால் போலி என்று சொல்வதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

அதே இலையுதிர்காலத்தில் அதே நகரில் கார்ல் நீல்சன் தன் ஆறாவது சிம்பொனியை முடிக்கப் போராடிக்கொண்டிருந்தார். அது டிசம்பர் 11 அன்று அரங்கேறியது, கேட்டவர்கள் குழம்பிப்போனார்கள். அந்த ஜூனில்தான் நாடே அவருடைய அறுபதாவது பிறந்தநாளைக் கொண்டாடியிருந்தது. நவம்பரில் ‘பொலிட்டிகன்’ நாளிதழுக்குக் கொடுத்த பேட்டியில் அவர் மனம் கசந்து பேசினார்: மறுபடி வாழக் கிடைத்தால் கலை என்ற நினைப்பையே துரத்திவிட்டு ஒரு வியாபாரியிடம் தொழில் பழகப் போவேன் என்ற பொருளில். இரண்டு கிராமத்து வாத்தியக்காரர் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் சிம்பொனியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மற்றவர் வெளியீட்டுத் தேதிக்குள் எழுதிக்கொடுத்த நாலு நிமிட உருப்படி காசு கொட்டத் தொடங்கியது. யார் பெரியவர் என்பது கேள்வியே இல்லை, நீல்சன்தான். ஆனால் கோபன்ஹேகனின் 1925ஐ ஆறாவது சிம்பொனியை மட்டும் வைத்து எழுதும் இசை வரலாறு, அந்நகரவாசிகளில் பெரும்பாலோர் எதைக் கேட்டார்கள் என்பதை விட்டுவிடுகிறது.

காசு எப்படிக் கொட்டியது? இங்கேதான் காதேயின் அதிர்ஷ்டமும் சாமர்த்தியமும் சேர்கின்றன. இசைக்குறிப்பு காதே அண்ட் வார்னி என்ற பதிப்பகத்தின் பெயரில் வெளியானது. பெயரிலேயே தெரிகிறது, அவருக்கு அதில் பங்கு. பல வாத்தியக்காரர்கள் தங்கள் மெட்டை மொத்தத் தொகைக்கு விற்றுவிட்டுப் பின்னால் கைபிசைந்த காலம் அது. அடுத்த ஆண்டே, 1926இல், டேனிஷ் இசையமைப்பாளர்களின் நிகழ்த்துரிமைச் சங்கமான கோடா தொடங்கியது. பொது இடத்தில் எங்கே ஒரு மெட்டு வாசிக்கப்பட்டாலும் அதற்கான கட்டணத்தை வசூலித்து எழுதியவருக்கு அனுப்பும் அமைப்பு. வானொலி ஐரோப்பா முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. உணவகங்கள், நடனக்கூடங்கள், சினிமா அரங்குகள் ஆகியவற்றின் குழுத்தலைவர்கள் பெரும்பாலும் வயலின்காரர்கள். தொடக்கத்திலேயே தலைவருக்குத் தனி ஆவர்த்தனம் கொடுக்கும் ஓர் உருப்படி கிடைத்தால் விடுவார்களா? தன் தொழிலில் இருப்பவர்களுக்கு என்ன பிடிக்கும் என்பது காதேக்குத் தெரிந்திருந்தது.

இனி கருவிகளின் கதை. 1925 வரை ஒலிப்பதிவு என்றால் பெரிய தகரப்புனலின் வாயைச் சுற்றி வாத்தியக்காரர்கள் நெருக்கியடித்து நிற்பது. வயலின் ஓசை புனலுக்குள் சரியாக ஏறாது. அதனால் குழாய் பொருத்திய விசேஷ வயலின்களைப் பயன்படுத்தினார்கள். டபுள் பாஸுக்குப் பதில் டியூபாவை வைத்தார்கள். 1925 வசந்தத்தில் விக்டர், கொலம்பியா ஆகிய இரு அமெரிக்க நிறுவனங்களும் வெஸ்டர்ன் எலக்ட்ரிக்கின் மின்பதிவு முறைக்கு மாறின. மைக்ரோபோன் வந்தது. இருபது வயலின்கள் சேர்ந்து இழைவதை முதன்முறையாக இசைத்தட்டு உள்ளபடி பிடித்தது. நரம்பு வாத்தியங்களை நம்பி எழுதிய ஒரு டேங்கோ, அவற்றைப் பதிவுசெய்ய முடிந்த அதே ஆண்டில் பிறந்தது.

அதே மின்பொறியியல் இன்னொரு பக்கம் திரையரங்குக் குழியை மூடிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியும் மைக்ரோபோனும் இருந்தால் பேசும்படம் சாத்தியம். 1927க்குப் பின் அமெரிக்காவிலும், 1929, 1930 வாக்கில் ஐரோப்பாவிலும் சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்கள் கலைக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானவர்கள் வேலையிழந்தார்கள். டென்மார்க்கில் நோர்டிஸ்க் நிறுவனத்தின் ‘பிரெஸ்டன் ஐ வைல்பி’ என்ற பேசும்படம் 1931இல் வந்தபோது அங்கும் அந்தத் தொழில் முடிந்துவிட்டது. காதே அதற்கு முன்பே, 1926இல், பலாட்ஸை விட்டிருந்தார். சகாக்கள் உணவகங்களுக்கும் தெருவுக்கும் திரும்பியபோது அவரைத் தாங்கிப்பிடிக்க ‘ஜாலூசி’யின் வருமானம் இருந்தது. 1923இல் பலாட்ஸில் கருவி காட்டிய பீட்டர்சனும் பவுல்சனும் 1918இல் தொடங்கிய நிறுவனம்தான் பின்னாளில் ஓர்டோஃபோன் ஆனது. இசைத்தட்டு கேட்பவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். தட்டின் வரிப்பள்ளத்தில் ஓடும் ஊசிமுனைகளைச் செய்வதில் உலகப்பெயர் பெற்ற நிறுவனம்.

உலகம் அறிந்த ‘ஜாலூசி’ தட்டு காதேயின் குழு வாசித்ததில்லை. 1935 ஜூலையில் பாஸ்டன் சிம்பொனி ஹாலில் ஆர்தர் ஃபீட்லர் நடத்த பாஸ்டன் பாப்ஸ் ஆர்க்கெஸ்ட்ரா ஆர்சிஏ விக்டருக்காகப் பதிவுசெய்தது அது. ஃபீட்லரும் நரம்பு வாத்தியக்காரர்; தலைவராவதற்கு முன் பாஸ்டன் சிம்பொனியில் வயலினும் வியோலாவும் வாசித்தவர். உணவகத்து நாலு வயலின்களுக்குப் பதில் சிம்பொனியின் முழு நரம்புப்படை. நாளடைவில் பத்து லட்சம் பிரதிகள் விற்ற முதல் லேசான ஆர்க்கெஸ்ட்ரா இசைத்தட்டு என்று அது பெயர்பெற்றது. ஓபரா பாடகர்களுக்கும் சிம்பொனிகளுக்கும் உரிய சிவப்பு முத்திரைத் தட்டு வரிசையில் ஒரு சினிமாக்குழி டேங்கோ இடம்பிடித்து, அவற்றில் பலவற்றைவிட அதிகம் விற்றது. கேட்டால் காரணம் புரியும். ஃபீட்லர் அதை உருக்கவில்லை. வேகத்தைத் தளரவிடாமல், மேஜர் பகுதி திறக்கும் இடத்தில் மட்டும் நரம்புகளை முழுக்க விரியவிடுகிறார்.

1938இல் வெரா ப்ளூம் ஆங்கிலச் சொற்கள் எழுதினார். அவர் அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் சால் ப்ளூமின் மகள். தந்தையும் அரசியலுக்கு வருமுன் இசைப்பதிப்பு வியாபாரம் செய்தவர்தான். அந்தப் பாட்டில் பாடுகிறவரின் நிம்மதியைக் கெடுப்பது இந்த டேங்கோவேதான்: மெட்டு கேட்டதும் பொறாமை எழுகிறது. புத்திசாலித்தனமான யோசனை. சொற்கள் வந்ததும் மெட்டுக்கு இன்னொரு வாழ்க்கை தொடங்கியது. 1945இல் ஜீன் கெல்லி, ஃபிராங்க் சினாட்ரா நடித்த ‘ஆங்கர்ஸ் அவே’ படத்தில் கேத்ரின் கிரேசன் பாடினார். 1951இல் ஃபிராங்கி லேன் பாடியது அமெரிக்கப் பட்டியலில் மூன்றாமிடம் வரை ஏறியது. 1961இல் லிவர்பூல் ராக் பாடகர் பில்லி ஃப்யூரி பாடியது பிரிட்டனில் இரண்டாமிடம். ஃப்யூரியின் ரசிகர்கள் அவருடைய தலைமுடியைக் கோதிவிடத் துடித்த பள்ளிக்கூடப் பெண்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இது தங்கள் பாட்டிகள் காலத்து ஊமைப்பட இசை என்று தெரிந்திருக்கும்? அந்த ஆண்டு காதே உயிரோடுதான் இருந்தார், வயது 81.

பதிவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது செவ்வியல் வயலின்காரர் யெஹுதி மெனுஹினும் ஜாஸ் வயலின்காரர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியும் எழுபதுகளின் தொடக்கத்தில் சேர்ந்து வாசித்தது. முப்பதுகளின் மெட்டுகளைத் தொகுத்த அந்த ஆல்பத்துக்கே இந்த டேங்கோவின் பெயரைத்தான் வைத்தார்கள். மெனுஹின் எழுதிவைத்ததைத்தான் வாசிப்பார். கிராப்பெல்லி எழுதிவைத்ததைப் பார்க்கவே மாட்டார். ஒருவருக்கு மாக்ஸ் ஹாரிஸ் பக்குவமாகக் குறிப்பெழுதிக் கொடுக்க, மற்றவர் அதைச் சுற்றி மனம்போனபடி வளைகிறார். மெட்டு இரண்டு குணங்களையும் தாங்குகிறது. கன்சர்வேட்டரி வயலினுக்கும் உணவகத்து வயலினுக்கும் இடையிலிருந்த சுவரின் மேலேயே உட்கார்ந்து எழுதப்பட்டது என்பதால் இருக்கலாம். 1976இல் மெல் புரூக்ஸ் எடுத்த ‘சைலண்ட் மூவி’ நகைச்சுவைப் படத்திலும் ஆன் பான்கிராஃப்ட் இந்த மெட்டுக்குத்தான் டேங்கோ ஆடுகிறார். ஊமைப்படத்துக்குப் பிறந்த மெட்டு, அரை நூற்றாண்டு கழித்து ஊமைப்படத்தைக் கேலிசெய்யும் படத்தில் போய் நின்றது.

காதேக்கு இதெல்லாம் எப்படி இருந்திருக்கும்? அவர் ‘ஜாலூசி’யோடு நின்றுவிட விரும்பவில்லை. முப்பதுகளில் குழு நடத்துவதைக் கைவிட்டு எழுத்துக்கே தன்னைக் கொடுத்தார். ‘சுயீத் தாமூர்’, ‘ராப்சொடியெட்டா’, ‘லேடாவும் அன்னமும்’ என்ற பாலே, ‘ஹிம்மல்பின்டில் கல்யாணம்’ என்று ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் பெரிய உருப்படிகள். இவற்றில் சிலவற்றை ஓடன்ஸ சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா பிற்காலத்தில் குறுவட்டில் பதிவுசெய்திருக்கிறது. கேட்டுப்பார்த்தால், ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் நல்ல இரண்டு நிமிடம் இருக்கிறது. வாத்தியங்களின் நிறம் அவருக்கு அத்துப்படி. ஒரு மெட்டை அறிமுகப்படுத்தும் விதத்தில் இன்னும் அந்த ஹோட்டல் வயலின்காரரின் சாமர்த்தியம் தெரிகிறது. ஆனால் மெட்டை அறிமுகப்படுத்திய பிறகு அதை என்ன செய்வது என்பதில் தடுமாறுகிறார். காட்சி மாறியதும் இசையை வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும் பழக்கம் பல ஆண்டுகளாகக் கையில் ஊறியது. சிம்பொனி வடிவம் கேட்கும் பொறுமை அந்தக் கையில் இல்லை. நீல்சனிடம் இருந்ததும் காதேயிடம் இல்லாததும் இதுதான். நேர்மாறாகவும் சொல்லலாம்: நாலு நிமிடத்தில் முடித்துக்கொள்ளத் தெரிந்ததால்தான் ‘ஜாலூசி’ சாத்தியமாயிற்று.

1963 பிப்ரவரி 20 அன்று காதே ஃபூன் தீவில் காலமானார். தன் இசை வருமானத்தை இளம் இசைக்கலைஞர்களுக்கு உதவும் அறக்கட்டளைக்கு விட்டுச்சென்றார். டென்மார்க்கில் வயலின் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் முதலில் ஓர் உதவித்தொகையின் பெயராகத்தான் அறிமுகமாகிறது. பலாட்ஸ் கட்டடம் இன்றும் நிற்கிறது. பெரிய கூடத்தைப் பல சிறு அரங்குகளாகத் தடுத்துவிட்டார்கள். வெளிச்சுவருக்கு 1989இல் ஓவியர் பவுல் கெர்னஸ் இளஞ்சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக வர்ணம் தீட்டினார்.

இந்த மெட்டு இப்போது யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு அட்லாண்டிக்கின் இரு கரைகளிலும் இரண்டு பதில்கள். 1925இல் வெளியானவை அமெரிக்காவில் 2021 ஜனவரி 1 அன்று பொதுவுடைமை ஆயின. ஆகவே அங்கே காதேயின் இசைக்குறிப்பை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், வாசிக்கலாம். ஆனால் பழைய ஒலிப்பதிவுகளுக்கு அமெரிக்காவில் தனிச்சட்டம். 1923க்கும் 1946க்கும் இடையில் வெளியானவற்றுக்கு நூறாண்டுக் காப்பு. ஃபீட்லரின் தட்டு 2030களின் பின்பாதி வரை பூட்டிலேயே இருக்கும். ஐரோப்பாவில் இது தலைகீழ். 1963க்கு முன் வெளியான ஒலிப்பதிவுகளுக்கு அங்கே உரிமை காலாவதியாகிவிட்டது, அந்தத் தட்டை எவரும் பிரதியெடுக்கலாம். மெட்டோ, எழுதியவர் இறந்து எழுபது ஆண்டுகள் என்ற கணக்கில் 2033 டிசம்பர் 31 வரை காப்புரிமையில் இருக்கிறது. அதுவரை கோபன்ஹேகனில் ஏதாவது ஓர் உணவகத்தில் ஒரு வயலின்காரர் ‘ஜாலூசி’யை எடுத்தால் கோடாவின் கணக்கில் ஒரு சிறு தொகை ஏறும்.